கணக்கில் வராத வருமானம் காயத்துக்கு உதவாது

கடையில் உள்ள சரக்குக்கு விலை தெரியாத மளிகை வியாபாரி யாரும் இல்லை. துவரம்பருப்பு மூட்டை நேற்று என்ன விலை, இன்று என்ன விலை என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்லிவிடுவோம். ஆனால் அந்தக் கடையைத் திறந்து, மூட்டை பிரித்து, தராசு பிடித்து, இரவில் கல்லாவை எண்ணிப் பூட்டுகிற நம் கைக்கும் காலுக்கும் ஒரு நாள் சட்டத்தின் முன்னால் மதிப்புப் போட வேண்டி வந்தால், எந்தக் கணக்கைக் காட்டுவோம்? இந்தக் கேள்வியை வணிகப் பெருமக்கள் முன் வைப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

விபத்து என்பது யாருக்கோ நடப்பது என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். மத்திய அரசு வெளியிட்ட கணக்குப்படி 2022ஆம் ஆண்டில் மட்டும் இந்தியாவில் 4,61,312 சாலை விபத்துகள் நடந்தன. அவற்றில் 1,68,491 பேர் உயிரிழந்தனர். 4,43,366 பேர் காயமடைந்தனர். அந்த ஆண்டில் விபத்து எண்ணிக்கையில் முதலிடம் பெற்றது நம் தமிழ்நாடுதான்: 64,105 விபத்துகள். விடியற்காலையில் மொத்த மார்க்கெட்டுக்கு வண்டியை எடுப்பவர்களும், இரவு பத்து மணிக்குக் கடை அடைத்து வீடு திரும்புபவர்களும் நாம்தான். இருட்டிலும் தூக்கக் கலக்கத்திலும் சாலையில் இருக்கும் தொழில் நம்முடையது.

அடிபட்ட சிறு வணிகரின் நிலை என்ன? சம்பளக்காரருக்கு அடிபட்டால் மருத்துவ விடுப்பு உண்டு. மாதம் பிறந்தால் ஏதோ ஒரு தொகை வீடு வந்து சேரும். சிறு கடைக்காரர் படுத்தால் கடையும் படுத்துவிடும். முதல் வாரம் மனைவியோ தம்பியோ கடையைத் திறப்பார்கள். இரண்டாம் வாரம் மண்டிக்காரர் பாக்கியைக் கேட்பார். ஒரு மாதத்தில் வாடிக்கையாளர்கள் எதிர்க்கடையில் பழகிவிடுவார்கள். மருத்துவச் செலவுக்கு நகை அடகுக்குப் போகும். ஆறு மாதம் கழித்து ஊன்றுகோலுடன் திரும்பி வருபவர், காலை மட்டுமல்ல, பத்து வருடம் பாடுபட்டுச் சேர்த்த வாடிக்கையையும் இழந்திருப்பார். இத்தனையையும் பணமாகக் கணக்கிட்டுக் கேட்கும் உரிமையைச் சட்டம் அவருக்குத் தந்திருக்கிறது. கேட்கிற இடத்தில் காட்டுவதற்குத்தான் அவரிடம் தாள் இருப்பதில்லை.

மோட்டார் வாகனச் சட்டம், 1988இன்படி விபத்தில் காயமுற்றவர் மோட்டார் வாகன விபத்து இழப்பீட்டுத் தீர்ப்பாயத்தில் மனுச் செய்யலாம். விபத்து நடந்த ஊருக்கே போய் அலைய வேண்டியதில்லை. மனுதாரர் குடியிருக்கும் இடம் அல்லது வியாபாரம் செய்யும் இடம் எந்தத் தீர்ப்பாயத்தின் எல்லைக்குள் வருகிறதோ அங்கேயே மனுச் செய்யலாம். ‘வியாபாரம் செய்யும் இடம்’ என்று சட்டத்திலேயே இருக்கிறது. மருத்துவச் செலவு, போக்குவரத்து, சத்தான உணவு, உடனிருந்து கவனித்தவருக்கான செலவு, சிகிச்சைக் காலத்தில் இழந்த வருமானம், வலியும் வேதனையும் ஆகிய அனைத்தையும் கேட்கலாம். இவற்றுள் நிரந்தர ஊனம் ஏற்பட்டவருக்குப் பெரிய தொகை, இனி ஆயுள் முழுவதும் இழக்கப்போகும் வருமானத்துக்காகக் கிடைப்பது. அது முழுக்க முழுக்கக் கணக்கு. நமக்குப் புரியாத கணக்கும் அல்ல.

விபத்துக்கு முன் இருந்த மாத வருமானத்தைப் பன்னிரண்டால் பெருக்கினால் ஆண்டு வருமானம். அதை வயதுக்கு ஏற்ற ஒரு பெருக்கெண்ணால் பெருக்க வேண்டும். 2009இல் உச்ச நீதிமன்றம் வகுத்த பட்டியலின்படி 36 முதல் 40 வயது வரை உள்ளவருக்கு 15. 41 முதல் 45 வரை 14. 46 முதல் 50 வரை 13. சம்பாதிக்கும் திறனில் எத்தனை விழுக்காடு போய்விட்டதோ அத்தனை விழுக்காடு அந்தத் தொகையில் சேரும். இதோடு, சொந்தத் தொழில் செய்பவருக்கும் வருங்கால உயர்வைக் கணக்கில் சேர்க்க வேண்டும் என்று 2017இல் அரசியல் சாசன அமர்வு தீர்ப்பளித்தது. 40 வயதுக்குக் கீழ் இருந்தால் 40 விழுக்காடு, 40 முதல் 50 வரை 25 விழுக்காடு, 50 முதல் 60 வரை 10 விழுக்காடு.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். 38 வயது மளிகைக்காரர் ஒருவர். சம்பாதிக்கும் திறனில் 40 விழுக்காடு போய்விட்டது. அவருடைய உண்மையான வருமானம் மாதம் 25,000 ரூபாய் என்றும், அதற்கு ஆதாரம் இருக்கிறது என்றும் வைத்துக்கொள்வோம். ஆண்டுக்கு 3 லட்சம்; பதினைந்தால் பெருக்கினால் 45 லட்சம்; அதில் 40 விழுக்காடு 18 லட்சம்; வருங்கால உயர்வையும் சேர்த்தால் 25,20,000 ரூபாய். அதே மனிதர், அதே கால், அதே ஊனம். ஆனால் கையில் ஆதாரம் இல்லை. தீர்ப்பாயம் உத்தேசமாக மாதம் 8,000 ரூபாய் என்று வைக்கிறது. இப்போது கிடைப்பது 8,06,400 ரூபாய். வித்தியாசம் 17,13,600 ரூபாய். எதிர்த்தரப்பு வக்கீலின் திறமையால் போன பணம் அல்ல இது. நாம் எழுதி வைக்காத கணக்கினால் போன பணம்.

ஆதாரம் இல்லாதவரை நீதிமன்றம் அடியோடு கைவிட்டுவிடுவதில்லை என்பதையும் சொல்ல வேண்டும். 2008இல் நடந்த விபத்தில் ஒரு காய்கறி வியாபாரிக்கு வலது காலை எடுக்க நேர்ந்தது. மாதம் 10,000 ரூபாய் சம்பாதித்ததாக அவர் சொன்னார். ஆவணம் இல்லையென்று அதை 3,500 ரூபாயாக வைத்தார்கள். 2014 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் அதை மாற்றியது. அமைப்புசாராத் தொழிலில் உள்ள காய்கறி வியாபாரியிடம் வருமானத்துக்கு ஆவணம் கேட்பது முறையல்ல என்று சொல்லி, மாதம் 6,500 ரூபாய் என்று வைத்து, இழந்த திறனை 85 விழுக்காடு என்றும் நிர்ணயித்தது. நல்ல தீர்ப்பு, நம் போன்றோர் நன்றியோடு நினைக்க வேண்டிய தீர்ப்பு. ஆனால் இரண்டு விஷயங்களைக் கவனியுங்கள். அந்த நியாயம் கிடைக்க அவர் உச்ச நீதிமன்றம் வரை போக வேண்டியிருந்தது. போன பிறகும் அவர் சொன்ன 10,000 கிடைக்கவில்லை. நீதிபதியின் இரக்கம் ஓரளவுக்குத்தான் கை கொடுக்கும். மீதிக்குத் தாள்தான் பேச வேண்டும்.

இங்கே நம்மவர்கள் சொல்லும் மறுப்பு ஒன்று உண்டு. “முழு வருமானத்தையும் காட்டினால் வரி கட்டியே அழிந்துபோவோம், என்றோ வரப்போகும் விபத்துக்காக இன்று வரி கட்டச் சொல்கிறீர்களா?” என்பார்கள். இதை வெறும் உபதேசத்தால் தட்டிக்கழிக்க முடியாது. இலாபம் குறைந்த தொழிலில் ஒவ்வொரு ரூபாயும் கனமானதுதான். ஆனால் இதையும் வியாபாரியாகவே யோசிப்போம். சிறு கடைக்காரர் பலருடைய உண்மையான வருமானம் வரி கட்ட வேண்டிய வரம்பையே தொடுவதில்லை. அவர்கள் ஒரு ரூபாய் வரியும் கட்டாமலே கணக்குத் தாக்கல் செய்ய முடியும். பெரிய பேரேடு எழுத முடியாத சிறு வணிகர், விற்றுமுதலில் ஒரு விழுக்காட்டை வருமானமாகக் காட்டும் எளிய முறையும் சட்டத்தில் இருக்கிறது. அப்படியிருந்தும் “நமக்கு எதற்கு அந்த வம்பு” என்று ஒதுங்கி நிற்பது வரிக்குப் பயந்து அல்ல, தாளுக்குப் பயந்து. வரி வரம்புக்கு மேல் சம்பாதித்தும் குறைத்துக் காட்டுபவருக்கு ஒன்று சொல்லலாம்: அரசாங்கத்திடம் நான் சம்பாதிப்பது கொஞ்சம் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டவர், தீர்ப்பாயத்தில் நான் சம்பாதித்தது அதிகம் என்று சொன்னால் யார் நம்புவார்கள்?

இதற்கும் தீர்ப்பு உண்டு. சென்னை உயர் நீதிமன்றத்திலிருந்து மேல்முறையீட்டுக்குப் போன ஒரு வழக்கில், 2019 டிசம்பரில் உச்ச நீதிமன்றம், வருமான வரிக் கணக்கு சட்டப்படியான ஆவணம், ஆண்டு வருமானத்தை நிர்ணயிக்க அதை நம்பலாம் என்று கூறியது. விபத்துக்கு முன்பே தாக்கல் செய்த கணக்குக்குத்தான் அந்த மதிப்பு. ஆஸ்பத்திரிப் படுக்கையிலிருந்து அவசரமாகத் தாக்கல் செய்யும் கணக்கை எதிர்த்தரப்பு சந்தேகத்தோடுதான் பார்க்கும். அதோடு கொள்முதல் பில்கள், மண்டிச் சிட்டைகள், வங்கிக் கணக்கில் வரவு செலவு, கடை உரிமம், ஜி.எஸ்.டி. பதிவு இருந்தால் அதன் தாக்கல்கள் ஆகிய எல்லாமே சாட்சிகள். சங்கம் கொடுக்கும் கடிதம் நீங்கள் வியாபாரி என்பதைக் காட்டும். எவ்வளவு சம்பாதித்தீர்கள் என்பதைக் காட்டாது.

அடுத்து, ஊனச் சான்றிதழைப் பற்றிய ஒரு தவறான எண்ணம். சான்றிதழில் 45 விழுக்காடு என்று போட்டிருந்தால் இழப்பீடும் அதே விழுக்காட்டில் வரும் என்று பலர் நம்புகிறார்கள். பாலாடைக்கட்டி விற்று வந்த ஒரு சிறு வியாபாரியின் வழக்கில் 2010இல் உச்ச நீதிமன்றம் இதை விளக்கியது. ஒரு காலுக்குச் சொல்லப்பட்ட விழுக்காடு முழு உடலுக்கும் உரியது அல்ல. உடல் ஊனம் வேறு, அதனால் தொழிலில் ஏற்படும் இழப்பு வேறு. இடது கையை இழந்தவர் ஓட்டுநராகவோ தச்சராகவோ இருந்தால் அவருடைய பிழைப்பு ஏறக்குறைய முழுவதும் போய்விடும். அரசு அலுவலக எழுத்தராக இருந்தால் வேலை நீடிக்கக்கூடும். ஆகவே அடிபட்ட வியாபாரி, தான் செய்யும் வேலை என்ன என்பதை மருத்துவரிடமும் வக்கீலிடமும் விவரமாகச் சொல்ல வேண்டும். ‘வியாபாரம்’ என்ற ஒரே சொல் போதாது. ஐம்பது கிலோ மூட்டையைத் தோளில் ஏற்றுகிறேன், நாள் முழுதும் நின்றுகொண்டே பொட்டலம் கட்டுகிறேன், ஏணி ஏறி மேல் தட்டிலிருந்து சரக்கு எடுக்கிறேன், விடியற்காலையில் இருபது கிலோமீட்டர் வண்டி ஓட்டுகிறேன் என்று சொல்ல வேண்டும். இத்தனையையும் செய்ய முடியாமற்போனதுதான் உண்மையான இழப்பு.

நம்மைப் பற்றி மட்டும் பேசினால் போதாது. நம் கடையில் வேலை செய்யும் பையன், மூட்டை இறக்கும் தொழிலாளி, வீடு வீடாகச் சரக்குக் கொண்டு போய்க் கொடுப்பவர் ஆகியோருக்கு அடிபட்டால் அவர்களுக்கு யார் சாட்சி? நாம்தான். மாதச் சம்பளத்தை ஒரு பதிவேட்டில் எழுதி, கையெழுத்து வாங்கி, ஒரு வவுச்சர் கொடுத்திருந்தால் அதுவே தீர்ப்பாயத்தில் அவருடைய வருமானச் சான்று. கையில் எண்ணிக் கொடுத்துவிட்டு எங்கும் எழுதாமல் விட்டால், நமக்கு நேர்ந்த அதே கதி அவருக்கும் நேரும். நம்மைவிட அவருக்கு அந்தப் பணம் அதிகம் தேவை. பத்துப் பேருக்குக் குறையாமல் வேலை செய்யும் நிறுவனம், தகுதியுள்ள தொழிலாளர்களை இ.எஸ்.ஐ.யில் சேர்க்க வேண்டியது சட்டக் கடமை என்பதையும் மொத்த வியாபாரிகள் மறக்கக்கூடாது.

நாமே எதிர்மனுதாரராக நிற்கும் நாளும் வரலாம். டெலிவரிக்குப் போகும் கடை வண்டிக்கு இன்சூரன்ஸ் காலாவதியாகியிருந்து, அந்த வண்டி ஒருவரை இடித்துவிட்டால், தீர்ப்பாயம் சொல்லும் தொகை முழுவதும் நம் தலையில் விழும். இன்சூரன்ஸ் இருந்தும் ஓட்டியவரிடம் லைசென்ஸ் இல்லை என்று தெரிந்தே வண்டியைக் கொடுத்திருந்தால், காயம்பட்டவருக்கு இன்சூரன்ஸ் நிறுவனம் பணம் கொடுத்துவிட்டு அதை வண்டி உரிமையாளரிடமிருந்து வசூலித்துக்கொள்ளலாம் என்று 2004இல் உச்ச நீதிமன்றம் வழி வகுத்திருக்கிறது. பதினெட்டு வயது நிறையாத பையனிடம் வண்டியைக் கொடுத்து அவன் குற்றம் செய்தால், உரிமையாளருக்கு மூன்று ஆண்டு வரை சிறையும் 25,000 ரூபாய் அபராதமும் என்று 2019ஆம் ஆண்டுத் திருத்தம் சொல்கிறது. “பக்கத்துத் தெருதானே, சட்டென்று போய்விட்டு வா” என்று சாவியை நீட்டுகிற நேரத்தில் இது நினைவுக்கு வர வேண்டும்.

சரக்கு லாரியில் பயணம் செய்வதைப் பற்றியும் ஒரு வார்த்தை. சரக்கின் உரிமையாளரோ அவருடைய பிரதிநிதியோ சரக்கோடு வந்தால் அவருக்கும் இன்சூரன்ஸ் பாதுகாப்பு உண்டு என்பது 1994 நவம்பரில் வந்த சட்டத் திருத்தம். ஆனால் அவர் ஓட்டுநர் அறையில் அமர்ந்து வர வேண்டும். மூட்டையின் மேல் உட்கார்ந்து வந்தால் நீதிமன்றங்கள் அதை ஏற்பதில்லை. வழியில் ஏறிக்கொள்ளும் தெரிந்தவருக்கு அந்தப் பாதுகாப்பும் கிடையாது. நம் சொந்த இருசக்கர வண்டியில் நாமே வழுக்கி விழுந்தால், பிறருக்கான இன்சூரன்ஸ் நமக்கு உதவாது. உரிமையாளர்–ஓட்டுநருக்கான 15 லட்சம் ரூபாய் தனிநபர் விபத்துக் காப்பீட்டை வண்டி பாலிசியோடு சேர்த்தோ தனியாகவோ எடுக்கலாம். உயிரிழப்புக்கும் நிரந்தர ஊனத்துக்கும் அது பயன்படும். பிரீமியத்தில் சில நூறு ரூபாய் மிச்சம் பிடிப்பதற்காக அதைத் தவிர்ப்பது சிக்கனம் ஆகாது.

விபத்து நடந்தபின் செய்ய வேண்டியதிலும் நாம் கோட்டை விடுகிறோம். சாலையோரத்திலேயே பஞ்சாயத்துப் பேசி, இடித்தவர் கொடுக்கும் ஐயாயிரம் பத்தாயிரத்தை வாங்கிக்கொண்டு, “கேஸ் எதற்கு” என்று வீட்டுக்கு வந்துவிடுகிறோம். எலும்பு முறிவு ஆறாமல் இரண்டாவது அறுவைச் சிகிச்சை என்று மருத்துவர் சொல்லும்போது, முதல் தகவல் அறிக்கையும் இல்லை, வண்டி எண்ணும் இல்லை. முதல் நாளே காவல் நிலையத்தில் புகார் பதிய வேண்டும். ஆஸ்பத்திரியில் விபத்துப் பதிவேட்டு நகல், காயச் சான்றிதழ், டிஸ்சார்ஜ் சம்மரி, மருந்துக் கடை பில் ஒவ்வொன்றையும் ஒரு பையில் சேர்த்து வைக்க வேண்டும். இடித்த வண்டி நிற்காமல் போய் அடையாளம் தெரியாவிட்டாலும், கொடுங்காயத்துக்கு 50,000 ரூபாயும் உயிரிழப்புக்கு 2 லட்சம் ரூபாயும் தரும் திட்டம் 2022 ஏப்ரல் முதல் நடைமுறையில் இருக்கிறது. அதற்கும் போலீஸ் பதிவு வேண்டும்.

காலக்கெடுவும் முக்கியம். 1994இல் நீக்கப்பட்ட காலவரம்பு, 2019 திருத்தத்தின் மூலம் 2022 ஏப்ரல் 1 முதல் திரும்ப வந்துவிட்டது: விபத்து நடந்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் மனுச் செய்ய வேண்டும். இந்த வரம்பை எதிர்த்த வழக்கில், அதைக் காரணம் காட்டி மனுக்களைத் தள்ளுபடி செய்ய வேண்டாம் என்று 2025 நவம்பரில் உச்ச நீதிமன்றம் இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. இடைக்கால உத்தரவை நம்பித் தாமதிப்பது புத்திசாலித்தனம் அல்ல. ஆறு மாதம் என்றே எண்ணிக்கொள்ளுங்கள். ஆஸ்பத்திரி வாசலிலேயே வெற்றுத் தாளில் கையெழுத்துக் கேட்கும் தரகர்களிடமும் எச்சரிக்கை தேவை. கிடைக்கும் தொகையில் பங்கு என்று பேசி வழக்கு நடத்துவதை வக்கீல்களுக்கான நடத்தை விதிகளே தடை செய்கின்றன.

சிகிச்சைக்குப் பணம் இல்லையே என்று தயங்க வேண்டாம். தமிழ்நாடு அரசின் ‘இன்னுயிர் காப்போம் – நம்மைக் காக்கும் 48’ திட்டம் 2021 டிசம்பரில் தொடங்கப்பட்டது. விபத்துக்குப்பின் முதல் 48 மணி நேரச் சிகிச்சை, அங்கீகரிக்கப்பட்ட தனியார் மருத்துவமனைகளிலும் இலவசம். மத்திய அரசும் 2025 மே மாதம், விபத்து நாளிலிருந்து ஏழு நாட்கள் வரை 1.5 லட்சம் ரூபாய்க்குள் கட்டணமில்லாச் சிகிச்சைத் திட்டத்தை அறிவித்தது. இவற்றைப் பற்றித் தெரியாமல் முதல் இரவிலேயே கந்துவட்டிக்கு வாங்கிய குடும்பங்கள் உண்டு.

நம் சங்கங்கள் இதில் என்ன செய்யலாம்? சங்கத்துக்கு ஆடிட்டரும் வக்கீலும் ஏற்கெனவே இருக்கிறார்கள். வரிச் சோதனை வந்தால் மட்டும் அவர்களைக் கூப்பிடும் வழக்கத்தை மாற்றி, ஆண்டுக்கு ஒரு முறை சிறு கடைக்காரர்களுக்காக ஒரு நாள் முகாம் நடத்தலாம். கணக்குத் தாக்கல் செய்யாதவருக்குத் தாக்கல் செய்து கொடுக்கலாம். எல்லா உறுப்பினர்களின் வண்டி இன்சூரன்ஸ், லைசென்ஸ் தேதிகளைச் சரிபார்க்கலாம். சம்பளப் பதிவேட்டையும் வவுச்சர் புத்தகத்தையும் சங்கமே அச்சிட்டு அடக்க விலைக்குக் கொடுக்கலாம். உறுப்பினர் ஒருவர் அடிபட்டுக் கிடந்தால், நலம் விசாரிக்கப் போகும் நிர்வாகிகள் பழத்தோடு ஒரு ஃபைலையும் கொண்டுபோய், முதல் தகவல் அறிக்கை வாங்கியாயிற்றா என்று கேட்கலாம். கடையடைப்புக்கு ஒன்றுகூடும் நாம் இதற்கும் ஒன்றுகூட முடியும்.

கணக்கு எழுதுவது அதிகாரிக்காக என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. நம் முன்னோர் பிள்ளையார் சுழி போட்டுப் புதுக்கணக்குத் தொடங்கியது அதிகாரிக்குப் பயந்து அல்ல. தன் உழைப்பு எவ்வளவு என்று தனக்கும் தன் பிள்ளைகளுக்கும் தெரிய வேண்டும் என்பதற்காக. நாம் படுக்கையில் கிடந்து வாய் பேச முடியாத நாளில் நமக்காகப் பேசப்போவது அந்தப் புத்தகம் ஒன்றுதான். இன்று இரவு கல்லாவை எண்ணி முடித்ததும், தொகையை ஒரு நோட்டில் தேதியோடு எழுதி வையுங்கள்.